முட்டை அண்ணனும் பாயின்ட் விழாத சனிக்கிழமைகளும்

ஸ்கோர் போர்டில் இரண்டு பக்கமும் முட்டை இருந்தால் மனம் குளிர்ந்து கைதட்டுகிற ரசிகர் இந்தப் பூமியில் ஒரே ஒருவர்தான். அவர் டெக்சாஸ் மாநிலத்தில், பிளானோவில், எங்கள் தெருவிலிருந்து இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறார். 'முட்டை அண்ணன்' என்றால் இந்திய மளிகைக் கடையிலிருந்து கோயில் மடைப்பள்ளி வரை எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் ஒருவருக்கும் தெரியாது. ஆபீஸில் அந்தப் பெயரை நடுவில் ஒடித்து முதல் பாதியை மட்டும் வைத்துக்கொண்டார்கள். நாங்கள் அந்தப் பாதியையும் விட்டுவிட்டோம்.

உலகமே அடிப்பதைப் பார்க்க டி.வி. முன்னால் உட்காருகிறது. அண்ணன் அடிக்க விடாததைப் பார்க்க உட்காருவார். அதற்கென்று அவர் பிடித்து வைத்திருந்த விளையாட்டின் பெயர் ரக்பி லீக். ஆஸ்திரேலியாவில் அதற்காக உயிரையே கொடுப்பார்களாம். பிளானோவில் அதற்கு ஒரு மதியத் தூக்கத்தை விட்டுக்கொடுக்கக்கூட ஆள் கிடையாது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், தெரிந்துகொண்டும் ஒன்றும் ஆகப் போவதில்லை. பக்கத்துக்குப் பதிமூன்று பேர். ஒவ்வொருவனும் பீரோ சைஸ். பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடி, எதிராளியின் கோட்டைத் தாண்டி, தரையில் ஊன்ற வேண்டும். அதற்கு 'ட்ரை' என்று பெயர். ஆள் முன்னேற வேண்டும், ஆனால் பந்தைக் கையால் பின்பக்கமாகத்தான் வீச வேண்டும். எங்கள் ஆபீஸில் எல்லா ப்ராஜெக்டையும் இந்த விதிப்படிதான் நடத்துகிறார்கள் என்பதால் இது மட்டும் எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆறு தடவை பிடித்துக் கீழே தள்ளிவிட்டால் பந்தை மரியாதையாக எதிராளியிடம் கொடுத்துவிட வேண்டும். நம்ம ஊர்க் கபடியையும் கல்யாண வீட்டு முதல் பந்தியையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி இருக்கும்? அதுதான்.

இரண்டு நல்ல அணிகள் மோதினால் ஒருவனும் ஒருவனையும் உள்ளே விடமாட்டான். ஆள்மேல் ஆள் விழுவான், எழுவான், மறுபடி விழுவான். பாயின்ட் மட்டும் விழாது. அந்த மாதிரி ஆட்டம்தான் அண்ணனுக்குத் தேர்த் திருவிழா. பாயின்ட் மளமளவென்று விழுந்துவிட்டால் முகம் சுருங்கிவிடும். "என்னுங்க தம்பி இது, பொங்கலுக்கு இலவச வேட்டி குடுக்கற மாதிரி ஆளாளுக்கு அள்ளிக் குடுத்துட்டு இருக்கறானுங்க" என்று சலித்துக்கொண்டு டி.வி.யையே அணைத்துவிடுவார்.

இந்த வியாதி அவருக்கு சிட்னியில் தொற்றியது. கோபிச்செட்டிபாளையத்தில் பிறந்து, கோயமுத்தூரில் படித்து, முதலில் வேலைக்குப் போனது சிட்னிக்குத்தான். மகள் மித்ரா அங்கேதான் பிறந்தாள். நிரந்தரமாகத் தங்குவதற்கு அப்ளை பண்ண வேண்டிய சமயம் பார்த்து, அமெரிக்காவில் இருந்த மச்சினர் போன் போட்டார். "அங்க என்ன மாப்ள இருக்குது? கங்காருதான் இருக்குது. இங்க வா, ரெண்டே வருசத்துல கிரீன் கார்டு" என்றார். அண்ணனும் மனைவி, கைக்குழந்தை, ரக்பிப் பைத்தியம் மூன்றையும் தூக்கிக்கொண்டு டெக்சாஸ் வந்து இறங்கிவிட்டார். மச்சினர் பிறகு ஊருக்கே திரும்பி, ஈரோட்டில் பெரிய வீடு கட்டி, சாயங்காலமானால் ஊஞ்சலில் ஆடிக்கொண்டிருக்கிறார். யோசனை சொன்னவர்கள் எங்கேயும் கஷ்டப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆஸ்திரேலியாவில் வெள்ளிக்கிழமை ராத்திரி ஆட்டம் என்றால் எங்களுக்கு அது வெள்ளிக்கிழமை விடியற்காலை. அந்த நேரத்தில் அண்ணனுக்கு சென்னை டீமோடு ஆபீஸ் போன் கால் இருக்கும். அதனால் ரெக்கார்ட் பண்ணி வைத்து சனிக்கிழமை மத்தியானம் பார்ப்பார். இடையில் ரிசல்ட் காதில் விழுந்துவிடக் கூடாதே என்று அவர் பட்ட பாடு இருக்கிறதே! பிளானோவில் அந்த ரிசல்ட் தெரிந்த ஜீவராசி ஒன்றுகூடக் கிடையாது. அண்ணன் அதை நம்பவே மாட்டார். வெள்ளிக்கிழமை யாராவது "அண்ணே, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தாலே இரண்டு காதையும் பொத்திக்கொள்வார்.

ஒரு வெள்ளிக்கிழமை மளிகைக் கடையில் சாமான் வாங்கி வண்டியில் ஏற்றிவிட்டுக் கிளம்பினார். கல்லாவில் இருந்த பையன் வெளியே ஓடி வந்து, "அண்ணே, அண்ணே, ஒண்ணு சொல்லணும்!" என்று கத்தினான். "சொல்லாதீங்! சொல்லாதீங்!" என்று அண்ணன் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பறந்துவிட்டார். வண்டியின் டிக்கி திறந்து கிடக்கிறது என்று சொல்லத்தான் அவன் ஓடி வந்தான். டோல்வே நெடுஞ்சாலை வரைக்கும் முருங்கைக்காய் சிந்திக்கொண்டே போயிருக்கிறார். பின்னால் வந்த டெக்சாஸ்காரர்கள் அது என்ன ஆயுதம் என்று புரியாமல் ஒதுங்கி ஒதுங்கி ஓட்டினார்களாம்.

மித்ரா ஹைஸ்கூலில் பேண்டு வாசித்துக்கொண்டிருந்தபோது அண்ணன் ஸ்கூல் ஃபுட்பால் மேட்சுக்குப் போனார். டெக்சாஸில் ஹைஸ்கூல் ஃபுட்பால் என்பது விளையாட்டு இல்லை, குலதெய்வக் கும்பிடு. எங்கள் ஸ்கூலின் நட்சத்திர ஆட்டக்காரன், இந்த ஊர் ஃபுட்பால் முறைப்படி, பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு பாய்ந்தான். எதிர் அணிப் பையன் ஒருவன் குறுக்கே வந்து அவனை அலாக்காகத் தூக்கிக் கீழே போட்டான். ஸ்டேடியம் முழுக்கச் சாவு வீட்டு மௌனம். நடுவில் ஒரே ஒரு ஆள் எழுந்து நின்று, "சபாஷ் கண்ணு! இடுப்பைப் பிடிச்ச பாரு, அதான் புடி!" என்று கைதட்டிக்கொண்டிருந்தார். முன்வரிசையில் இருந்த தொப்பிக்காரர்கள் எல்லோரும் மெதுவாகத் திரும்பினார்கள். மைதானத்து ஓரத்திலிருந்து மித்ரா கிளாரினெட்டை வைத்துக்கொண்டே, "அப்பா, ப்ளீஸ் ஸிட் டவுன்! தட்ஸ் தி அதர் டீம்!" என்று அலறினாள். அண்ணனுக்கு அது குற்றமாகவே படவில்லை. "நல்லாப் புடிச்சா நல்லாப் புடிச்சான்னு சொல்லோணும் தம்பி. எந்தப் பக்கம்னு பாத்துட்டாக் கை தட்டுவாங்க?" என்று என்னைக் கேட்டார்.

தனியாகப் பார்த்து அலுத்துப்போய்த்தான் எங்களையெல்லாம் சனிக்கிழமை வீட்டுக்கு அழைக்க ஆரம்பித்தார். முதல் வாரம் போனவர்கள் கால்வாசி ஆட்டத்திலேயே குழந்தைக்கு ஸ்விம்மிங் கிளாஸ் இருப்பதை நினைவுபடுத்திக்கொண்டு கிளம்பினார்கள். குழந்தை இல்லாத நானும் ஸ்விம்மிங் கிளாஸ் என்றுதான் சொல்லிவிட்டு வந்தேன். அண்ணன் அசரவில்லை. அடுத்த வாரம் ஒரு சட்டம் போட்டார்.

அவர் மனைவி சுந்தரி அக்காவின் மிளகாய் பஜ்ஜிக்கு பிளானோவில் ஈடு கிடையாது. சட்டம் இதுதான்: கோட்டருகே வந்த அணியை ஆறு தடவையும் மறித்துத் திருப்பி அனுப்பினால் ஒரு தட்டு பஜ்ஜி வரும். எவனாவது உள்ளே புகுந்து ட்ரை போட்டுவிட்டால் அடுப்பு ஆஃப். மறுபடி ஒரு நல்ல தடுப்பு வருகிறவரை கொத்தமல்லிச் சட்னியைத்தான் முறைத்துக்கொண்டிருக்க வேண்டும். சுந்தரி அக்கா ஒரு மேட்ச்கூடப் பார்த்ததில்லை. ஹாலிலிருந்து அண்ணன் "நின்னுட்டானுங்க!" என்று கத்தினால் மாவில் மிளகாயை முக்குவார். அவ்வளவுதான் அவருக்குத் தெரிந்த ரக்பி.

வயிறு வழியாகப் போனால் எந்த ஞானமும் ஏறும். ஒரே மாதத்தில் பிளானோ தமிழர்கள் தடுப்பாட்ட நிபுணர்கள் ஆகிவிட்டார்கள். லெகசி வட்டாரத்துப் பெரிய பெரிய கம்பெனிகளில் பெரிய பெரிய பதவியில் இருக்கிறவர்கள், கொசு அடிக்கவே யோசிக்கிறவர்கள், சோபாவின் மேல் ஏறி நின்று "காலைப் புடிடா! விடாத! அமுக்கு!" என்று ஊளையிட்டார்கள். விரதமிருந்த ஒரு மாமி, ஒருவன் கோட்டை நெருங்கியபோது, "கழுத்தை விட்டுட்டு வேற எங்க வேணா பிடி!" என்று கத்தினார். கழுத்தைப் பிடித்தால் பெனால்டி என்பதுகூட அவருக்குத் தெரிந்திருந்தது. யாருக்கும் எந்த அணி ஜெயிக்கிறது என்பதில் அக்கறை இல்லை. யாரும் உள்ளே போய்விடக் கூடாது, அவ்வளவுதான்.

எங்கள் கூட்டத்தில் இதற்கு மசியாதவர் ஒருவர்தான். சேகர். கிரிக்கெட்டே ஆனாலும் முழு மேட்ச் பார்க்க மாட்டார், சிக்ஸர் மட்டும் வெட்டி ஒட்டியதைப் பார்ப்பார். அதனால் ஹைலைட்ஸ் சேகர். பஜ்ஜியைச் சாப்பிட்டுக்கொண்டே ஆட்டத்தைத் திட்டுவது அவர் வழக்கம்.

"ஜி, நானும் ஓப்பனாத்தான் கேக்கறேன். இதுல என்டர்டெயின்மென்ட் எங்க இருக்கு? ஒருத்தன் ஓடறான், நாலு பேர் விழறான். அதையே திருப்பித் திருப்பிப் பாக்கறதுக்கு நான் லாண்டரி போடறதைப் பாப்பேன்."

"சிக்ஸர் அடிச்சாப் பந்து வெளிய போயிருது. ஆட்டம் நின்னு போயிருதுங்க. பந்தைப் பொறுக்கிட்டு வர்ற வரைக்கும் விளம்பரந்தான் பாக்கோணும். இங்க எங்கீங்க நிக்குது?"

"பாயின்ட்டே விழலையே ஜி!"

"பாயின்ட்டு எப்ப விழும்? எவனாச்சும் ஒருத்தன் தப்புப் பண்ணோணும். பாயின்ட்டு பாக்கோணும்னு உக்காந்திருக்கறவன், அடுத்தவன் எப்படா தப்புப் பண்ணுவான்னு உக்காந்திருக்கறான். நான் ஒருத்தனும் தப்பே பண்ணாத ஆட்டம் பாக்கறனுங்க. எந்திரிக்க முடியாம எந்திரிச்சு, மறுபடியும் போயி நிக்கறான் பாருங்க. அதுக்கு மேல என்னத்தைப் பாக்கறதுக்கு இருக்குது?"

சேகர் இன்னொரு பஜ்ஜி எடுத்துக்கொண்டார். எனக்கு இரண்டு பேர் சொன்னதும் சரியாகத்தான் பட்டது. ஆனால் ஆட்டம் போர். அதை இன்றைக்கும் சொல்வேன்.

அந்த விளையாட்டில் ஒரு விதி எனக்குக் கடைசி வரை ஜீரணமாகவில்லை. ஒருவன் எல்லோரையும் இடித்துத் தள்ளிக்கொண்டு கோட்டைத் தாண்டி விடுகிறான். உள்ளேதான் இருக்கிறான். ஆனால் பந்து தரையில் படுவதற்குள் நாலு பேர் அடியில் கையையும் உடம்பையும் கொடுத்துவிட்டால் ட்ரை இல்லை. அதற்கு 'ஹெல்ட் அப்' என்று பெயர். "அதான் உள்ளே வந்துட்டானே அண்ணே, இது என்ன அநியாயம்?" என்று முதல் தடவை சண்டை போட்டேன். "உள்ள வந்தாப் பத்தாதுங்க தம்பி. ஊனோணும்" என்று சிரித்தார். தடுப்பாட்டத்திலேயே அதுதான் உச்சம் என்பார். ஹெல்ட் அப்புக்கு மட்டும் இரண்டு தட்டு பஜ்ஜி.

இனி சிரிப்பு குறையும். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவில் எங்களுக்கு இன்னொரு ஆட்டம் இருக்கிறது. மாதம் ஒரு முறை ரிசல்ட் வரும். அதற்கு விசா புல்லட்டின் என்று பெயர். எந்தத் தேதிக்கு முன்னால் மனுப் போட்டவர்களுக்கு கிரீன் கார்டு என்று அதில் போடுவார்கள். இந்தியர்களின் வரிசை மிக நீளம் என்பதால் தேதி ஒரு மாதம் இரண்டு வாரம் நகரும், மூன்று மாதம் நகராது, திடீரென்று பின்னால் போகும். எனக்கு அது வெறும் வரிசை. எனக்குப் பிள்ளை இல்லை. வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். பிள்ளையோடு வந்தவர்களுக்கு அது அப்படி இல்லை. பிள்ளைக்கு இருபத்தொன்று முடிவதற்குள் அப்பாவின் முறை வந்தாக வேண்டும். வராவிட்டால் பிள்ளையின் பெயர் அப்பாவின் மனுவிலிருந்து உதிர்ந்துவிடும். கைக்குழந்தையாக வந்து, இங்கேயே ஏ பி சி டி படித்து, இங்கேயே பேண்டு வாசித்தது எல்லாம் கணக்கில் வராது.

மித்ராவுக்கு இருபத்தொன்று நெருங்கிக்கொண்டிருந்தது.

அண்ணன் அதைப் பற்றிப் பேசமாட்டார். பேசுகிறவர்கள் சேகர் மாதிரி ஆட்கள்தான். சேகர் கொஞ்சம் முந்தி வந்தவர், முந்தியே சிட்டிசனும் ஆகிவிட்டார். "பேஷன்ஸ் வேணும் ஜி. எல்லாம் நல்லதுக்குத்தான். நான் வெயிட் பண்ணலையா?" என்று பல்லில் மிளகாய் விதையோடு ஆறுதல் சொல்வார். அவர் காத்திருந்த காலத்தில் நான் ஒரு பல்லுக்கு ரூட் கெனால் பண்ணி முடித்தேன், அவ்வளவுதான். கரை ஏறியவனுக்குத் தண்ணீர் எப்போதும் முழங்கால் அளவுதான் போலிருக்கிறது.

மித்ராவின் பிறந்த நாளுக்கு முந்தைய மாதம் கடைசி புல்லட்டின் வந்தது. நானும் அதே வரிசையில் நிற்பதால் பார்த்தேன். தேதி முன்னால் போகவில்லை. போகாமல் இருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம். பின்னால் போயிருந்தது.

அந்தச் சனிக்கிழமை மேட்ச் இருக்காது என்று நினைத்தேன். அண்ணனிடமிருந்து வழக்கம் போல மெசேஜ் வந்தது: "அருமையான மேட்ச்சாட்டத் தெரியுது. ரெண்டு பேரும் நல்ல டிஃபென்ஸ். வந்துருங்க." எல்லோரும் வந்தோம். புல்லட்டின் விஷயம் வந்தவர்களில் பாதிப் பேருக்குத் தெரியும். ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. பஜ்ஜிக்குத்தான் திறந்தார்கள். மித்ரா காலேஜிலிருந்து லீவுக்கு வந்திருந்தாள். மாடிப்படியில் உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆட்டம் என்னவோ அவர் சொன்ன மாதிரியேதான் இருந்தது. பாதி ஆட்டம் முடிந்து ஸ்கோர் முட்டைக்கு முட்டை. சுந்தரி அக்காவின் வாணலி ஓயவில்லை. தட்டு தட்டாக வந்துகொண்டே இருந்தது. கூட்டத்துக்கு ஒரே கொண்டாட்டம். இரண்டாவது பாதியில் மஞ்சள் சட்டைக்காரர்கள் நீலச் சட்டைக்காரர்களின் கோட்டுக்கு ஒரு முழம் தள்ளி நின்று முட்டிக்கொண்டிருந்தார்கள். ஆறு தடவை முட்டினார்கள். பந்து நீலக்காரன் காலில் பட்டு மறுபடி மஞ்சளுக்கே கிடைத்தது. மறுபடி முட்டினார்கள். நீலச் சுவர் அசையவில்லை. ஒவ்வொருவன் விழும்போதும் ஹால் முழுக்க "விடாதே! உள்ளே விடாதே!" என்று கோஷம். சேகர்கூட எழுந்து நின்று கத்தினார். அண்ணனைத் திரும்பிப் பார்த்தேன். அவர் கைதட்டவில்லை. மடியில் இருந்த தட்டில் ஒரு பஜ்ஜி அப்படியே ஆறிக் கிடந்தது.

மஞ்சள் அணியில் பொடியன் ஒருவன் இருந்தான். மற்ற பீரோக்களுக்கு நடுவில் அவன் ஒரு ஸ்டூல் மாதிரி. பந்தை வாங்கியவன் இரண்டு பேர் இடுக்கில் புகுந்து கோட்டைத் தாண்டிவிட்டான். தாண்டியேவிட்டான். மூன்று நீலக்காரர்கள் அவன் அடியில் உருண்டு போய் மல்லாந்தார்கள். பந்தோடு அவன் அவர்கள் மேல் கிடந்தான். தரைக்கும் பந்துக்கும் நடுவில் ஒரு சாண் இருந்திருக்கும். பொடியன் அமுக்குகிறான், அமுக்குகிறான், பந்து இறங்கவில்லை.

அண்ணன் எழுந்தார். தட்டு உருண்டது.

"விடுங்கடா! ஒருத்தனையாச்சும் உள்ள விடுங்கடா! எத்தனை நேரமாடா முட்டிட்டு இருக்கறான்! உள்ளதான்டா இருக்கறான்! கையை எடுங்கடா!"

நடுவர் விசிலை ஊதி இல்லை என்று கையை ஆட்டினார். ஹெல்ட் அப். ஹாலில் கூரை பிய்த்துக்கொண்டது. "ரெண்டு தட்டு! ரெண்டு தட்டு!" என்று கத்தினார்கள். "ஜி, என்ன கட்சி மாறிட்டீங்க?" என்று சேகர் சிரித்தார். அவரோடு சேர்ந்து எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் ஏதோ தமாஷ் பண்ணுகிறார் என்றே நினைத்தார்கள். அவர் டி.வி.யைப் பார்த்தபடி நின்றுகொண்டே இருந்தார். இரண்டு கையும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தது.

சுந்தரி அக்கா ஜல்லிக் கரண்டியோடு சமையலறை வாசலுக்கு வந்தார். புருஷனைப் பார்த்தார். உள்ளே திரும்பிப் போய் அடுப்பை அணைத்தார். அந்த வீட்டில் ட்ரை விழாமல் அடுப்பு அணைந்தது அன்றைக்குத்தான்.

"அக்கா, ஹெல்ட் அப் அக்கா! பஜ்ஜி எங்க?" என்று ஒருவர் குரல் கொடுத்தார்.

"மாவு தீந்துருச்சுங்க" என்றார் அக்கா. எனக்கு சமையலறை நேராகத் தெரிந்தது. பாத்திரத்தில் பாதிக்கு மேல் மாவு இருந்தது.

மித்ரா படியிலிருந்து இறங்கி வந்தாள். கீழே கிடந்த தட்டை எடுத்து வைத்துவிட்டு அப்பாவின் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். தானும் பக்கத்தில் உட்கார்ந்தாள். "ஹீ வாஸ் ஹெல்ட் அப், அப்பா. இட்ஸ் தி ரூல்" என்றாள். அந்த மேட்சில் யார் ஜெயித்தார்கள் என்று எனக்கு நினைவில்லை.

முரட்டுத்தனமான தடுப்பாட்டம் நல்ல பொழுதுபோக்கா, இல்லையா என்று பிளானோவில் இரண்டு வருடம் பஜ்ஜி தின்றுகொண்டே விவாதம் பண்ணினோம். இப்போது என்னைக் கேட்டால் பதில் சொல்வேன். பிரமாதமான பொழுதுபோக்கு. முட்டிக்கொண்டிருக்கிற பக்கம் நம் வீட்டுப் பிள்ளை இல்லாத வரைக்கும். அந்த வரிசையை நடத்துகிறவர்களுக்குத் தடுப்பாட்டத்துக்கு ஒரு கோப்பை கொடுக்க வேண்டும். வருடக் கணக்கில் ஒரு ட்ரைகூட விட்டதில்லை. யாரும் அவர்களுக்கு பஜ்ஜி போட்டதாகவும் தெரியவில்லை.

மித்ரா ஸ்டூடன்ட் விசாவுக்கு மாறினாள். படிப்பு முடிந்தது. வேலை கிடைத்தது. வேலைக்கான விசாவை இங்கே குலுக்கல் போட்டுத்தான் கொடுப்பார்கள். அதில் அவள் பெயர் வரவில்லை, மறு வருடமும் வரவில்லை. வேலை கொடுத்தவர்கள் "ஆல் தி பெஸ்ட்" என்று ஒரு மெயில் அனுப்பினார்கள். சிட்னியில் ஒரு கம்பெனி கூப்பிட்டது, போய்விட்டாள். பெற்றவர்கள் அப்போது அங்கே நிரந்தரமாகாததால் பிறந்த ஊருக்கும் விசா, வளர்ந்த ஊருக்கும் விசா. விசா கேட்காத ஒரே நாடு இந்தியா. அதை அவள் லீவுக்கு வந்த விருந்தாளியாகத்தான் பார்த்திருக்கிறாள். அண்ணனாலும் பின்னாலேயே போக முடியாது. இங்கே வேலையை விட்டால் இத்தனை வருடம் நின்ற வரிசை போய்விடும். யாருக்காக நின்றாரோ அவள் இல்லாத வரிசையில் இன்னும் நின்றுகொண்டிருக்கிறார்.

சனிக்கிழமைக் கூட்டம் கலைந்துவிட்டது. சேகர் புது வீட்டில் ஹோம் தியேட்டர் வைத்திருக்கிறார், எல்லோரும் அங்கே போய் சிக்ஸர் பார்க்கிறார்கள். பஜ்ஜி கிடையாது, பீட்சா. திருப்தியாக இருப்பதாகச் சொல்கிறார்கள். இருக்கட்டும். நான் மட்டும் முட்டை அண்ணன் வீட்டுக்குப் போகிறேன். சுந்தரி அக்கா சட்டத்தையெல்லாம் எடுத்துவிட்டார். இப்போது யார் போட்டாலும் போடாவிட்டாலும் பஜ்ஜி வரும். எண்ணெய்ச் சட்டியில் போடும்போதே, "மித்துவுக்கு அங்க நல்ல மொளகா கெடைக்குதோ என்னமோ" என்பார். வாரா வாரம் இதையே சொல்வார். வாரா வாரம் நானும், "கிடைக்குதாம்க்கா" என்பேன்.

ரிசல்ட் காதில் விழக் கூடாது என்று முருங்கைக்காயைச் சிந்திக்கொண்டு ஓடிய மனிதருக்கு, கடைசியில் இந்த உலகத்தில் ரிசல்ட் தெரிந்த ஓர் ஆள் கிடைத்துவிட்டாள். மித்ரா வெள்ளிக்கிழமை ராத்திரி மைதானத்துக்கே போய்விடுகிறாள். அங்கிருந்து போன் பண்ணுவாள். இங்கே விடியற்காலை. அண்ணன் சென்னை டீமின் போன் காலை மியூட்டில் போட்டுவிட்டு, கராஜில் வண்டிக்குள் உட்கார்ந்து கேட்பார். "டோன்ட் வொரி அப்பா, ஐ வோன்ட் டெல் யூ தி ஸ்கோர்" என்று அவள் முதல் தடவை சொன்னபோது, "சொல்லு கண்ணு, சொல்லு. மொத நிமிசத்துல இருந்து சொல்லு. யாரு யாரைப் புடிச்சான், எல்லாஞ் சொல்லு" என்றாராம். முழு ஆட்டத்தையும் அவள் ஒன்று விடாமல் சொல்லி முடிக்கிறவரை போனை வைக்க மாட்டார். இதை அக்காதான் சொன்னார்.

ரிசல்ட் தெரிந்த மேட்சைத்தான் இப்போது சனிக்கிழமை பார்க்கிறோம். அண்ணன் "நின்னுட்டானுங்க" என்று கத்துவதில்லை. ட்ரை விழுந்தாலும் ஒன்றும் சொல்வதில்லை. பாதி நேரம் பந்தையே பார்ப்பதில்லை. கேமரா மைதானத்தை விட்டு ஜனங்கள் உட்கார்ந்திருக்கிற பக்கம் திரும்பும்போது மட்டும் சோபாவின் நுனிக்கு வந்துவிடுவார். "மஞ்ச சொட்டர் போட்டுட்டுப் போயிருக்கறாளாமாங்க தம்பி. அங்க இப்பக் குளுரு" என்பார். ஆயிரக்கணக்கான தலையில் ஒரு மஞ்சள் ஸ்வெட்டரை நானும் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடுவேன். கேமராக்காரன் மறுபடி அந்தப் பாழாய்ப் போன பந்துக்கே போய்விடுவான்.

போன வாரம் ஒரு கணம் தெரிந்தது. மேல் வரிசை, ஓரத்து சீட், மஞ்சள் ஸ்வெட்டர். அண்ணன் என் கையை இறுக்கிப் பிடித்தார். ரிமோட்டை எடுத்துப் படத்தை அப்படியே நிறுத்தினார். கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பார்த்தார். அவருக்குக் கொஞ்ச நாளாகப் பார்வை சரியில்லை.

"தம்பி, அவதானுங்களே?"

எனக்குப் பார்வையில் ஒரு கோளாறும் இல்லை. அந்த ஆளுக்கு நெஞ்சு வரைக்கும் தாடி இருந்தது.

"அவளேதாண்ணே" என்றேன்.